தரைச் சண்டையைத் தாண்டிப் போகாதீர்கள்

கன்சோலில் எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) கேம் ஆடுகிற நிறையப் பேருக்குச் சண்டை என்றால் நின்றுகொண்டு அடிப்பது மட்டும்தான். எதிராளி காலைப் பிடித்துக் கீழே சாய்த்துவிட்டால் போதும், கையில் அகப்பட்ட எல்லா பட்டனையும் அமுக்கி, ஸ்டிக்கை நாலாபக்கமும் ஆட்டி, எப்படியாவது எழுந்துவிடப் பார்ப்பார்கள். எழ முடியாவிட்டால் கேமே சரியில்லை என்று எழுதுவார்கள். எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் பெரிய அமைப்பான யூஎஃப்சியின் பெயரில் ஒவ்வொரு முறை புது கேம் வரும்போதும் பேச்சு முழுக்க முகம் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது, வியர்வை எப்படி மின்னுகிறது, நாக்அவுட் வாங்கினவர் எப்படிச் சரிகிறார் என்பதிலேயே போய்விடுகிறது. தரைச் சண்டையில் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு எப்போதும் அதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கொஞ்சம் உதை சேர்த்த ஒரு குத்துச்சண்டை கேம். அது வேண்டும் என்றால் அதற்கே நல்ல கேம்கள் தனியாக இருக்கின்றன.

இந்த விளையாட்டு பிறந்த இடத்தைப் பார்த்தாலே இது புரியும். முதல் யூஎஃப்சி 1993 நவம்பர் 12 அன்று டென்வரில் நடந்தது. எடைப் பிரிவு கிடையாது, ஒரே இரவில் நடந்து முடிகிற போட்டி. தரைச் சண்டைக் கலையான ஜியு-ஜிட்சுவில் வல்லவரான ராய்ஸ் கிரேசி அன்று முதலில் சந்தித்தது ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரரை. அவர் ஒரு கையில் மட்டும் கிளவ் மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் வந்தார். கிரேசி அவரைக் கீழே சாய்த்து, மேலே ஏறி உட்கார்ந்தார். கழுத்து நெரிபடவில்லை, கை முறுக்கப்படவில்லை. ஆனாலும் ஜிம்மர்சன் தட்டி, தோல்வியை ஒப்புக்கொண்டார். மேலே ஒருவர் இப்படி உட்கார்ந்தபின் தப்ப வழியே இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு மொத்தப் போட்டியையும் கிரேசிதான் ஜெயித்தார்.

அந்த நொடியை ஒரு கேமில் எப்படிக் கொண்டுவருவது? இந்த வகை கேம்களைச் செய்தவர்கள் எல்லோரும் முட்டிமோதியது இந்தக் கேள்வியோடுதான் என்று நினைக்கிறேன். நின்று அடித்துக்கொள்ளும்போது இரண்டு உடல்களுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. தூரத்தைப் பார்த்து அடிக்கலாம், விலகலாம், அடி பட்டதா தவறியதா என்பது கண்ணுக்கே தெரிகிறது. தரையில் இரண்டு உடல்களும் பின்னிப்பிணைந்து கிடக்கின்றன. அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணைவிட உடம்புதான் சொல்லும்: எதிராளியின் இடுப்பு எந்தப் பக்கம் கனக்கிறது, அவர் மூச்சு எப்படி வாங்குகிறது, எந்தக் கை தளர்கிறது. கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் ஆளுக்கு இதில் எதுவும் கிடைக்காது. படம் இருக்கிறது, சத்தம் இருக்கிறது, கையில் ஒரு சின்ன அதிர்வு இருக்கிறது. இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு ஆளின் பாரத்தை உணர்த்த வேண்டும். ரொம்பக் கஷ்டமான வேலை. அதனால்தான் ஒவ்வொரு கேமும் எடுத்த வழி வேறுவேறாக இருக்கிறது, அந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதும் எனக்கு அவ்வளவு பிடிக்கிறது.

2000ஆம் ஆண்டு டிரீம்காஸ்ட் கன்சோலில் ஆங்கர் என்ற ஜப்பானிய நிறுவனம் முதல் யூஎஃப்சி கேமைச் செய்தது. அப்போது யூஎஃப்சி பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் சூஃபா நிறுவனம் அதை 20 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்த கேமில் இரண்டு கை, இரண்டு கால், நாலுக்கும் ஒவ்வொரு பட்டன். கணக்காக நேரம் பார்த்து அமுக்கினால் கீழே கிடப்பவர் மேலே இருப்பவரை மடக்கிவிடலாம். சண்டைகள் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இன்றைக்குப் பார்த்தால் எளிமையாகத் தெரியும், ஆனால் கீழே இருப்பவரும் ஆபத்தானவர்தான் என்ற முக்கியமான விஷயத்தை அது ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டது. அதற்குப் பின் எக்ஸ்பாக்ஸில் டேப்அவுட், பிளேஸ்டேஷன் 2இல் த்ரோடவுன், பிரைடு எஃப்சி, சடன் இம்பாக்ட் என்று சில வந்தன. அவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

2009 மே மாதம் டிஹெச்க்யூ வெளியிட்ட யூஎஃப்சி 2009 அன்டிஸ்பியூட்டட் வந்தபோதுதான் தரைச் சண்டைக்கு ஒரு முறையான இலக்கணம் கிடைத்தது. செய்தவர்கள் யூக்ஸ், பல வருடங்களாக ரெஸ்லிங் கேம்கள் செய்து கைதேர்ந்தவர்கள். அவர்கள் தரையை முழுக்க வலது ஸ்டிக்கிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு நிலையிலிருந்து பக்கத்து நிலைக்கு நகர ஸ்டிக்கைக் கால் வட்டம் சுற்ற வேண்டும். பெரிய தாவலுக்கு இன்னும் அதிகம் சுற்ற வேண்டும். எதிராளி அதைக் கவனித்துச் சரியான நேரத்தில் தடுக்கலாம். எழுத்தில் படிக்கும்போது இது சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒரு பட்டனை அமுக்குவதும் விரலால் ஒன்றைச் சுற்றுவதும் ஒன்றல்ல. சுற்றும்போது விரல் ஒரு தூரத்தைக் கடக்கிறது, ஒரு எதிர்ப்பை உணர்கிறது, அந்தத் தூரத்தை முடிப்பதற்குள் எதிராளி முந்திக்கொள்வாரோ என்ற பதற்றம் விரலிலேயே இருக்கிறது. ஹாஃப் கார்டிலிருந்து (கீழே இருப்பவர் நம் ஒரு காலைப் பின்னிப் பிடித்திருக்கும் நிலை) காலை உருவி சைடு கன்ட்ரோலுக்கு (பக்கவாட்டில் மேலே படுத்து அமுக்கும் நிலை) போவதற்கு நிஜத்தில் ஒரு மல்லுக்கட்டு இருக்கிறதல்லவா, அதன் சாயலாவது விரலுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த எந்த முறையும் எனக்கு அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை.

2010இல் இன்னொரு பெரிய கேம் நிறுவனமான ஈஏ தன் பங்குக்கு ஈஏ ஸ்போர்ட்ஸ் எம்எம்ஏ என்று ஒன்றை இறக்கியது. யூஎஃப்சி உரிமம் டிஹெச்க்யூவிடம் இருந்ததால் ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் என்ற போட்டி அமைப்பின் வீரர்களை வைத்து, ஃபெடோர் எமிலியானென்கோவையும் சேர்த்துச் செய்தார்கள். அந்த கேமில் தோன்றுபவர்களுக்கு யூஎஃப்சியில் இடமில்லை என்று யூஎஃப்சியின் தலைவர் டேனா வைட் வெளிப்படையாகவே பேசினார், அவ்வளவு பகை. கேம் பெரிதாக எடுபடவில்லை, ஆனால் அதில் ஒரு அருமையான யோசனை இருந்தது. கழுத்தை நெரிப்பதும் மூட்டை முறுக்குவதும் வேறுவேறு வேலை என்று அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். கை முறுக்கில் பட்டனைத் தட்ட வேண்டும், ஆனால் கண்மண் தெரியாமல் தட்டினால் தம் தீர்ந்துவிடும். கழுத்துப் பிடியில் ஸ்டிக்கை மெதுவாகச் சுற்றி, பிடி இறுகுகிற சரியான இடத்தைத் தேட வேண்டும். முதலாவது பலத்தோடும் மூச்சோடும் சம்பந்தப்பட்டது, இரண்டாவது நுணுக்கத்தோடு. நிஜ ஜியு-ஜிட்சுவில் இருக்கும் வித்தியாசமும் கிட்டத்தட்ட அதுதான். பலர் மறந்துபோன இந்த கேமை நான் இன்னும் மதிப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

2012 பிப்ரவரியில் வந்த அன்டிஸ்பியூட்டட் 3 பலருக்கும் இன்றுவரை மிகப் பிடித்த எம்எம்ஏ கேம், எனக்கும் அப்படியே. அதில் பழைய ஜப்பானியப் போட்டியான பிரைடு விதிகளில் ஆடலாம். கூண்டுக்குப் பதிலாகக் கயிறு கட்டிய ரிங், முதல் ரவுண்டே 10 நிமிடம், விழுந்து கிடப்பவரின் தலையில் உதைக்கலாம், மிதிக்கலாம். விதி மாறியதும் தரையின் அர்த்தமே மாறிவிடும். யூஎஃப்சி விதிகளில் முதுகு தரையில் பட நிதானமாகக் கிடந்து எதிராளியை வரவழைக்கலாம். பிரைடில் அப்படிக் கிடந்தால் எதிராளி எழுந்து நின்று முகத்தில் உதைப்பார். அதே வீரர், அதே பட்டன்கள், ஆனால் அங்கே இன்னொரு மூளை வேண்டும். இரண்டையும் ஒரே கேமுக்குள் வைத்து, மாறி மாறி ஆட விட்டது பெரிய விஷயம்.

புதிதாக வருபவர்களுக்காக ஸ்டிக்கைச் சுற்றாமல் மேலே கீழே தள்ளினாலே போதும் என்ற எளிய கன்ட்ரோலையும் அதில் சேர்த்திருந்தார்கள், பழைய சுற்றும் முறையையும் விட்டுவைத்திருந்தார்கள். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்ற அந்த அணுகுமுறை சரியானது. சப்மிஷனுக்கு, அதாவது பிடி போட்டு எதிராளியைத் தட்ட வைப்பதற்கு, எட்டுப் பக்கக் கூண்டு வடிவத்தில் இரண்டு பட்டைகள் ஒன்றையொன்று துரத்துகிற ஒரு ஏற்பாடு. அது எனக்கு ஒட்டவில்லை. பிடியில் சிக்கிய இரண்டு உடல்களை மறந்துவிட்டு, நடுத் திரையில் ஓடும் கோடுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வருட ஜூனிலேயே யூஎஃப்சி உரிமம் ஈஏவிடம் போனது, டிசம்பரில் டிஹெச்க்யூ திவால் மனு கொடுத்தது.

ஈஏ காலத்தில் நான்கு கேம்கள் ஒரே பாதையில் வந்தன, 2014, 2016, 2018, 2020 என்று. முதலாவது பார்க்க அழகு, ஆட மந்தம். பெண் வீரர்கள் முதன்முதலாக வந்ததும், புரூஸ் லீயை வைத்து ஆட முடிந்ததும் அதில்தான். இரண்டாவதிலிருந்து தரை தெளிவானது. வலது ஸ்டிக்கை ஒரு திசையில் பிடித்தால் உங்கள் வீரர் அந்த நகர்வைத் தொடங்குவார். எதிராளி ஆர்2 பட்டனை அழுத்திக்கொண்டு அதே திசையைத் தள்ளினால் அது தடுக்கப்படும். தடுக்கப்பட்டவருக்குத் தம் குறையும், தடுத்தவருக்கு அடுத்த நகர்வில் ஒரு சாதகம் கிடைக்கும். பழைய சுற்றும் முறையின் உடல் உணர்வு இதில் இல்லை என்றாலும், இரண்டு மூளைகள் மோதிக்கொள்கிற ஆட்டமாக இது நன்றாகவே வேலை செய்தது.

இந்தத் தம் விஷயத்தைத்தான் புதியவர்கள் கவனிக்க வேண்டும். தரையில் உண்மையான நாணயம் அதுதான். மேலே இருப்பவர் ஓயாமல் நகரப் பார்த்தால், நாலு முறை தடுக்கப்பட்டதும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பார், ஐந்தாவது முறை கீழே இருப்பவர் அவரைப் புரட்டிப்போட்டு மேலே வந்துவிடுவார். அதேபோல் கீழே இருப்பவர் பதறிப் பதறி எழப் பார்த்தால், ஒவ்வொரு முயற்சியிலும் தம்மைக் கொட்டி, கடைசியில் தடுக்கவும் தெம்பில்லாமல் கிடப்பார். அதனால் கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு ஆட்டம். தம்மைக் காட்டும் உங்கள் பட்டை ஏறுகிறது, அவர் பட்டை இறங்குகிறது, அவர் ஒரு நகர்வு தொடங்கும்வரை விரலைத் தயாராக வைத்துக் காத்திருக்கிறீர்கள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி தெரியும் அந்த இடைவெளியில்தான் என் இதயம் மிக வேகமாக அடிக்கும்.

2018இல் வந்த யூஎஃப்சி 3இன் அட்டையில் கானர் மெக்கிரகர் இருந்தார், நின்று அடிப்பதில் அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரம். அதே வருடம் அக்டோபர் 6 அன்று யூஎஃப்சி 229இல் கபீப் நுர்மகமெதோவ் அவரைக் கீழே போட்டுப் பிசைந்து, நான்காவது ரவுண்டில் கழுத்துப் பிடியில் தட்ட வைத்தார். அந்தச் சண்டையைப் பார்த்துவிட்டு கேமுக்கு வந்து கபீப்பை எடுத்து ஆடியவர்கள் நிறையப் பேர், கேமில் அவரது தரைத் திறன்கள் உச்சத்தில் இருந்தன. ஆனால் எண்கள் உச்சத்தில் இருப்பது மட்டும் போதாது. கபீப் செய்தது கூண்டுச் சுவரில் ஒட்டவைத்து, எதிராளியின் கால்களைத் தன் கால்களால் பின்னி, ஒரு கையை மடக்கி, மிச்சமிருந்த கையால் அடித்தது. சுவரோரத்தில் நடக்கும் இந்த வேலையை எந்த கேமும் இதுவரை முழுமையாகக் கொண்டுவரவில்லை. நடுக்கூண்டில் கிடப்பதும் சுவரோரத்தில் கிடப்பதும் நிஜத்தில் இரண்டு வேறு சண்டைகள். அதை ஒழுங்காகச் செய்கிற கேமுக்காக நான் எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருப்பேன்.

2020இன் யூஎஃப்சி 4 ஒரு உதவி முறையைக் கொண்டுவந்தது. இடது ஸ்டிக்கில் உங்கள் நோக்கத்தை மட்டும் சொன்னால் போதும்: எழ வேண்டும், சப்மிஷன் போட வேண்டும், அடிக்க வேண்டும். எந்த நிலை வழியாகப் போவது என்பதை கேமே பார்த்துக்கொள்ளும். இதற்கு எதிராகக் கோபப்பட்டவர்களை எனக்குப் புரிகிறது, ஆனாலும் இது தேவையாகத்தான் இருந்தது. தரையில் என்ன செய்வது என்றே தெரியாமல் ஓடிப்போனவர்கள் இதனால் கொஞ்ச நேரம் அங்கே தங்கினார்கள். என் குறை வேறு. அந்த உதவியோடு நூறு சண்டை ஆடினாலும் ஹாஃப் கார்டு கீழே இருப்பவருக்கு ஏன் சைடு கன்ட்ரோலை விடப் பாதுகாப்பானது என்று ஒருவருக்குத் தெரியாது. கீழே இருப்பவர் தன் இரண்டு கால்களுக்கு நடுவே எதிராளியின் ஒரு காலைச் சிறைபிடித்திருக்கிறார், அது இருக்கும்வரை மேலே இருப்பவர் சுதந்திரமாக நகர முடியாது, இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனையோ பேர் தரையை ரசித்திருப்பார்கள். ஒரு வீரரை ஆரம்பத்திலிருந்து வளர்த்துக்கொண்டு போகிற கேரியர் மோடு அதற்குச் சரியான இடம். அங்கே வார்த்தையில் சொல்கிறார்கள், ஆனால் ஏன் என்று சொல்வதில்லை.

2023 அக்டோபர் 27 அன்று வந்த யூஎஃப்சி 5 ஃப்ராஸ்ட்பைட் என்ற கேம் எஞ்சினுக்கு (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மாறியது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு மட்டும். முகத்தில் காயங்கள் அடிபட்ட இடத்திலேயே திறந்துகொள்கின்றன, வெட்டு மோசமானால் மருத்துவர் வந்து சண்டையை நிறுத்திவிடலாம். எல்லோரும் இதை ரத்தம் பற்றிய செய்தியாகவே பேசினார்கள். எனக்கு இதில் பிடித்தது தரையில் ஏற்படுத்திய மாற்றம். மேலே இருந்துகொண்டு முழங்கையால் புருவத்துக்கு மேல் அடித்தால் அந்த வெட்டு அடுத்த ரவுண்டுக்கும் கூடவே வரும், அதையே குறிவைத்து அடித்துச் சண்டையை நிறுத்த வைக்கலாம். கீழே கிடந்து நேரம் கடத்தலாம் என்று நினைப்பவருக்கு இப்போது பயம் இருக்கிறது. நிஜத்திலும் அந்தப் பயம் உண்டு.

இன்னொரு பெரிய மாற்றம், சப்மிஷனில் திரையின் நடுவே ஓடிய பட்டைகளையும் வளையங்களையும் அதில் எடுத்துவிட்டார்கள். பிடி படிப்படியாக இறுகுகிறது, ஒவ்வொரு படியிலும் ஒருவர் முன்னேறப் பார்க்கிறார், மற்றவர் தடுக்கப் பார்க்கிறார், பார்க்க வேண்டியது உடல்களை மட்டும்தான். அன்டிஸ்பியூட்டட் 3இல் எனக்கு உறுத்திய விஷயம் பதினோரு வருடம் கழித்து ஒரு வழியாகச் சரியானது. ஒரு குறை மட்டும், கழுத்துப் பிடியும் கை முறுக்கும் இப்போது கிட்டத்தட்ட ஒரே வேலையாகிவிட்டன. 2010இன் அந்த யோசனையை யாராவது திரும்ப எடுக்க வேண்டும். இப்போதைய பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் டிரிகர்கள் விரலை எதிர்த்துத் தள்ளக்கூடியவை. பிடி இறுக இறுக டிரிகர் கனத்தால், எதிராளி தப்பிக்கும்போது சட்டென்று தளர்ந்தால், திரையில் எந்தக் கோடும் இல்லாமலே கைக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஜிம்மர்சனைத் தட்ட வைத்த அந்தப் பாரத்தை உணர்த்த இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இதுவரை வரவில்லை.

அப்புறம் ஆன்லைன். இங்கே ஒரு எழுதாத சட்டம் உலவுகிறது, டேக்டவுன் எடுப்பது, அதாவது எதிராளியைக் கீழே சாய்ப்பது, கோழைத்தனமாம். கீழே தள்ளினால் திட்டுச் செய்தி வரும், சிலர் அப்படியே ஆட்டத்தை விட்டு வெளியேறிவிடுவார்கள். இதை நான் கொஞ்சமும் ஏற்கமாட்டேன். டேக்டவுனைத் தடுக்கக் கற்றுக்கொள்வதும் இந்த விளையாட்டின் ஒரு பகுதிதான். நேராக ஓடிவந்து அதே டேக்டவுனைத் திரும்பத் திரும்பப் போடுகிறவருக்கு எதிராக முழங்கால் இருக்கிறது, சரியான நேரத்தில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளித் தடுப்பது இருக்கிறது, ஒவ்வொரு தோல்வியும் அவருடைய தம்மைத் தின்கிறது. இரண்டு ரவுண்டில் அவரே ஓய்ந்துவிடுவார். ஆனால் இணைப்பு மெதுவாக இருக்கும் ஆட்டங்களில் தரையில் தடுப்பது நியாயமற்ற அளவுக்குக் கடினமாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எதிராளியின் அசைவைப் பார்த்துத் தடுக்க நேரம் இருக்காது, ஊகித்துத்தான் தடுக்க வேண்டியிருக்கும். அங்கே மேலே இருப்பவருக்குத்தான் லாபம். இந்தப் புகார் நியாயமானது, கேம் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது.

புதிதாகத் தரையைக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு, முதலில் பயிற்சிப் பகுதிக்குப் போய் உங்கள் வீரரைக் கீழே படுக்க வையுங்கள். மேலே ஏறி அடிக்கும் ஆசை இப்போது வேண்டாம். ஹாஃப் கார்டில் கீழே கிடந்து தடுப்பதை மட்டும் பழகுங்கள், எதிராளியின் தோளும் இடுப்பும் எந்தப் பக்கம் அசைந்தால் எந்த நகர்வு வரும் என்று கண் பழகும்வரை. எழப் பார்க்காதீர்கள். தொடர்ந்து சிலவற்றைத் தடுக்க முடிகிறது என்றானதும் புரட்டிப்போடுவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்குப் பின் எழுவதை. சப்மிஷன் எல்லாம் கடைசியில் வரட்டும். ஒரு வீரரையே வைத்துக்கொண்டு பழகுவது நல்லது. யூஎஃப்சி வரலாற்றிலேயே அதிக சப்மிஷன் வெற்றிகள் வைத்திருக்கும் சார்ல்ஸ் ஒலிவேராவை நான் சொல்வேன், ஏனென்றால் அவர் கீழே கிடக்கும்போதும் எதிராளி பயந்துதான் ஆக வேண்டும்.